உருபு மயங்கினால் கணக்கும் மயங்கும்

‘கணக்குக்கு மொழி கிடையாது’ என்றொரு பொன்மொழி நம்மிடையே வெகுநாட்களாக உலவிவருகிறது. தமிழ்வழிக் கல்வி பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் யாராவது ஒருவர் இதை எடுத்து வைப்பார். செய்யுள் தமிழில் இருக்கட்டும், வரலாறும் தமிழில் இருந்துவிட்டுப் போகட்டும். கணக்கை மட்டுமாவது ஆங்கிலத்தில் நடத்திவிடலாம், அது வெறும் எண்கள்தானே என்பது வாதம். சபையில் இருப்பவர்களும் தலையாட்டிவிடுகிறார்கள். அப்படித் தலையாட்டுகிறவர்களில் நம் இலக்கிய நண்பர்களும் இருக்கிறார்கள் என்பதுதான் எனக்கு வியப்பு. ஒரு தலைப்பில் ஒற்று மிகுமா மிகாதா என்று மூன்று நாள் சண்டையிடத் தயாராக இருக்கிறவர்கள், கணக்கு வகுப்பில் மொழி பறிபோவதைப் பற்றி மூன்று வரிகூட எழுதுவதில்லை.

எண்ணுக்கு மொழி இல்லாமல் இருக்கலாம். 12 என்று எழுதினால் எல்லா ஊரிலும் 12தான். ஆனால் கணக்கு என்பது எண் அன்று. இரண்டு எண்களுக்கு இடையில் என்ன நிகழ்கிறது என்பதே கணக்கு. எதை எதனால் வகுப்பது, எதிலிருந்து எதை நீக்குவது, எதற்கு எது சமம் என்று சொல்லாமல் கணக்கைச் சொல்லவே முடியாது. தமிழில் அந்த வேலையைச் செய்வது வேற்றுமை உருபு. ஆங்கிலத்தில் செய்வது, பள்ளிக்கூடத்தில் ப்ரெபொசிஷன் என்று சொல்லித்தருகிற முன்னிடைச்சொல். கணக்கின் உயிர் இந்தச் சிறு சொற்களில் இருக்கிறது. நாமோ அவற்றைச் சொல்லித்தராமலேயே பிள்ளைகளிடம் கணக்கை ஆங்கிலத்தில் கேட்கிறோம்; விடை தவறினால் ‘இவனுக்குக் கணக்கு வராது’ என்று தீர்ப்பும் எழுதுகிறோம்.

*

இதைப் பேசப் பழனி மலைத்தொடரைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் குறைவு. ஒரே மலையில் இரண்டு ஆங்கிலங்கள் இருக்கின்றன.

ஒன்று கடல் கடந்து வந்தது. மதுரையிலிருந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் சமவெளியின் வெயிலுக்கும் நோய்க்கும் தப்பி 1845இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டினார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்காக 1901இல் ஹைகிளர்க் என்ற பெயரில் தொடங்கிய பள்ளிதான் இன்றைய கொடைக்கானல் சர்வதேசப் பள்ளி. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசிய வீடுகளின் பிள்ளைகள் அங்கே ஆங்கிலத்தில் கணக்குப் படித்தார்கள். அதில் புதுமை எதுவும் இல்லை.

மற்றொன்று நாமே செய்துகொண்டது. அரசுப் பள்ளிகளில் 2012-13ஆம் கல்வியாண்டு தொடங்கி ஆங்கிலவழிப் பிரிவுகள் பெருகின. பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பூண்டும் உருளைக்கிழங்கும் கேரட்டும் பயிரிடுகிற வீடுகள், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்களில் கூலிக்குப் போகிற வீடுகள், இவற்றிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வீட்டில் இல்லை, தெருவில் இல்லை. சுற்றுலாப் பயணிகளிடம் பேசுகிற நாலு வார்த்தையில்தான் இருக்கிறது. ஆங்கிலவழி என்றால் முன்னேற்றம் என்று நம்பிச் சேர்க்கிற பெற்றோரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. அந்த நம்பிக்கையை வாங்கிக்கொண்டு அதற்குப் பதிலாக எதைத் தருகிறோம் என்பதே கேள்வி.

*

‘த்ரீ இன்டு ட்வெல்வ்’. விடை என்ன?

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளியில் கேட்டாலும் 36 என்பார்கள். இங்கே இன்டு என்றால் பெருக்கல். அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ பள்ளி நடத்தியவரிடம் கேட்டால் 4 என்பார். பன்னிரண்டுக்குள் மூன்று எத்தனை முறை போகும் என்பது அவர் காதில் விழும் கேள்வி. அதே மூன்று சொற்கள். ஒருவருக்குப் பெருக்கல், இன்னொருவருக்கு வகுத்தல். ஒன்பது மடங்கு வித்தியாசம்.

உடனே நம்மூர் ஆங்கிலப் பண்டிதர்கள், ‘இன்டு என்பது இந்தியர்களின் பிழை’ என்று எழுந்துவிடுவார்கள். அவசரப்பட வேண்டாம். பதினாறாம் நூற்றாண்டில் இயற்கணிதத்துக்கு எழுத்துக் குறியீட்டு முறையை வகுத்த பிரெஞ்சுக்காரரான வியெட், லத்தீனில் பெருக்கலைக் குறிக்க ‘இன்’ என்ற சொல்லைத்தான் எழுதினார். பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலக் கணித நூல்களில் ஓர் எண்ணை இன்னொன்றுக்குள் பெருக்குவதாக, ‘மல்டிப்ளைடு இன்டு’ என்றே எழுதுவது வழக்கம். அவர்கள் கைவிட்ட ஒரு வழக்கு நம் வகுப்பறையில் உயிரோடு இருக்கிறது. அதைப் பிழை என்று எள்ளுவது வரலாறு தெரியாமை. அதே சமயம், உலகம் முழுவதும் இன்டு என்றால் பெருக்கல்தான் என்று பிள்ளையை நம்பவைத்து அனுப்புவது அதைவிடப் பெரிய குற்றம். இரண்டு வழக்கும் உண்டு, கேட்பவர் யார் என்று பார்த்துக்கொள் என்று சொல்ல ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் நம் பாடவேளையில் கிடைப்பதில்லை.

‘பை’ இன்னும் மோசம். தேநீர்க்கடையில் ‘ஒன் பை டூ’ என்றால் ஒன்றை இரண்டாகப் பகிர்வது. பக்கத்திலேயே தொங்கும் மனை விற்பனைப் பலகையில் ‘ஃபார்ட்டி பை சிக்ஸ்டி’ என்றால் நாற்பதை அறுபதால் பெருக்கி 2400 சதுர அடி. ஒரே தெருவில், பத்தடி தூரத்தில், ஒரே சொல் ஓரிடத்தில் வகுக்கிறது, ஓரிடத்தில் பெருக்குகிறது. வகுப்பறைக்குள் போனால் ‘மல்டிப்ளைடு பை’, ‘டிவைடட் பை’ இரண்டிலும் அதுவே நிற்கிறது. ‘இன்க்ரீஸ்டு பை’ என்னும்போது கூட்டுகிறது. ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்த பிள்ளைக்கு இது சிக்கலே இல்லை. முழு வாக்கியமும் அதன் காதில் ஒரே வீச்சில் விழுகிறது. நம் பிள்ளைக்கு விழுவது மூன்று துண்டுகள்: ஓர் எண், ஒரு முனகல், இன்னோர் எண்.

முனகல் என்று நான் கேலியாகச் சொல்லவில்லை. ஆங்கிலப் பேச்சில் முன்னிடைச்சொற்கள் அழுத்தமின்றி விழுங்கப்படுபவை. பொருள் முழுவதும் எதில் தங்கியிருக்கிறதோ அதுதான் காதில் விழாமல் போகிறது.

*

கழித்தலைப் பாருங்கள். ‘சப்ட்ராக்ட் செவன் ஃப்ரம் ஃபிஃப்டீன்’. எழுத வேண்டியது 15 − 7. காதில் முதலில் விழுவது 7. கேட்ட வரிசையில் எழுதும் பிள்ளை 7 − 15 என்று எழுதும். அந்தப் பிள்ளைக்குக் கழிக்கத் தெரியும். சந்தையில் மீதிச் சில்லறையை நம்மைவிட வேகமாக எண்ணித் தரும். ‘ஃப்ரம்’ என்ற ஒரு சொல் வரிசையைத் திருப்புகிறது என்பதை யாரும் அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவே.

அடுத்து இந்த மூன்றையும் கவனியுங்கள். ‘ட்வெல்வ் லெஸ் ஃபைவ்’ என்றால் 12 − 5. ‘ஃபைவ் லெஸ் தேன் ட்வெல்வ்’ என்றாலும் 12 − 5. எண்களின் வரிசை மட்டும் தலைகீழ். ‘ஃபைவ் இஸ் லெஸ் தேன் ட்வெல்வ்’ என்றால் கழித்தலே இல்லை, ஐந்து பன்னிரண்டைவிடச் சிறியது என்ற வெறும் ஒப்பீடு. ஒரு ‘தேன்’ வந்து வரிசையைப் புரட்டுகிறது. ஓர் ‘இஸ்’ வந்து கணக்கையே மாற்றிவிடுகிறது. இதற்கு மொழி கிடையாது என்கிறவர்கள், இந்த மூன்று வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு விளக்கட்டும்.

தமிழில் 15இலிருந்து 7ஐக் கழி என்கிறோம். 7ஐ 15இலிருந்து கழி என்று மாற்றிச் சொன்னாலும் பிழையில்லை, குழப்பமும் இல்லை. உருபு எண்ணின் வாலிலேயே ஒட்டிக்கொண்டு போவதால் எண் எங்கே உட்கார்ந்தாலும் அதன் வேலை மாறுவதில்லை. 12ஐ 3ஆல் வகு; 3ஆல் 12ஐ வகு. ஐ உருபு ஏற்றது வகுபடும் எண், ஆல் உருபு ஏற்றது வகுக்கும் எண். இரண்டாம் வேற்றுமை செயப்படுபொருள், மூன்றாம் வேற்றுமை கருவி என்று தமிழ் வகுப்பில் மனப்பாடம் செய்து மறந்துபோகிற அந்தச் சூத்திரம் இங்கே கணக்கு வகுப்பில் நின்று வேலை செய்கிறது. ஐந்தாம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் பொருள்களில் முதலாவது நீங்கல். கழித்தல் வேறென்ன?

குறிஞ்சிப் பூவையே எடுத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலையில் 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது, இனி 2030இல் எதிர்பார்க்கலாம். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் என்றால் ஒரு சுழற்சி. 12 ஆண்டில் பூக்கும் என்றால் ஒரு காலக்கணக்கு. 12 ஆண்டுக்குள் பூக்கும் என்றால் ஓர் எல்லை. ஒரே எண், ஒரே வினை. உருபு மாற மாறக் கணக்கு மாறுகிறது. இந்த மூன்றையும் ஆறு வயதில் பிழையின்றிப் பேசுகிற பிள்ளை, பத்து வயதில் ஆங்கிலத்தின் இன், வித்தின், எவ்ரி மூன்றுக்கும் முன்னால் திகைத்து நிற்கிறது. பேசத் தெரிந்த உருபுகளோடு இவற்றை இணைத்துக்காட்ட ஆளில்லாததே காரணம்.

*

தமிழ் மட்டும் மாசற்றது என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்கிற மொழிப்பெருமைக்காரர்களோடும் எனக்குச் சண்டை உண்டு.

‘பத்தில் இரண்டு’ என்றால் என்ன? பத்தில் இரண்டு போனால் எட்டு என்று கழிக்கலாம். பத்தில் இரண்டு பங்கு என்று பின்னமாக்கலாம். பத்தில் இரண்டு எத்தனை முறை என்று வகுக்கலாம். ‘பத்துக்குப் பத்து அறை’ என்றால் பெருக்கல். ‘பத்துக்கு எட்டு பழுது’ என்றால் விகிதம். தமிழ் உருபும் தனியே நின்றால் மயங்கத்தான் செய்யும். நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தில் வேற்றுமையியல் முடிந்ததும் வேற்றுமை மயங்கியல் என்றே தனி இயல் இருக்கிறது. மயக்கம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டு, அது எங்கெங்கே நிகழும் என்று வகைப்படுத்தி வைத்த மரபு நம்முடையது. ஆங்கிலக் கணக்கு நடத்தும்போது அந்த நேர்மை நமக்கு ஏன் இல்லை?

உருபுகள் காலத்தால் மாறுவதும் உண்டு. காரிநாயனாரின் கணக்கதிகாரத்தில் பலாப்பழத்தை அறுக்காமலே சுளையை எண்ணும் கணக்கு ஒன்று இருக்கிறது. காம்பருகே உள்ள முள்ளை எண்ணி, 6ஆல் பெருக்கி, 5ஆல் வகுக்கச் சொல்கிறது அது. இன்று நாம் ஆல் என்று சொல்லும் இரண்டு இடங்களிலும் அந்தப் பாட்டில் ஆல் கிடையாது. பெருக்கலுக்கு இல் வருகிறது; வகுத்தலுக்கு ஐந்துக்குக் கொடுத்துவிடு என்ற பொருளில் ஈதல் என்ற வினையோடு கு வருகிறது. நான்காம் வேற்றுமைக்கு நன்னூல் சொல்லும் முதற்பொருள் கொடை. வகுத்தல் என்பது பகிர்ந்து கொடுத்தல். வகுத்து வரும் விடையை ஈவு என்று இன்றும் பாடநூல் சொல்வதன் வேர் இங்கே இருக்கிறது. ஈவு என்ற சொல்லை மனப்பாடம் செய்கிற எத்தனை பிள்ளைகளுக்கு அது ஈதலின் பிள்ளை என்று சொல்லியிருக்கிறோம்?

ஆகவே இன்டு தவறு, ஆல் சரி என்று தராசு பிடிப்பது என் நோக்கமன்று. எந்த மொழியில் கணக்குச் சொன்னாலும் இடைச்சொல்லைச் சொல்லித்தந்துவிட்டுக் கணக்கைச் சொல் என்பதே என் கட்சி.

*

இது பள்ளிக்கூட விவகாரம், பெரியவர்களுக்கு என்ன என்று யாரேனும் கேட்கலாம். கொடைக்கானலில் இருந்தே விடை சொல்கிறேன்.

அங்கே இயங்கிய பாதரச வெப்பமானித் தொழிற்சாலை 2001இல் மூடப்பட்டது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. மண்ணைத் தூய்மைப்படுத்தும் அளவு பற்றிய வழக்காடல் அதற்குப் பிறகும் நீண்டது. ஒரு கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் என்ற அளவு போதுமா, இன்னும் கடுமையாக வேண்டுமா என்பது சர்ச்சையின் நடுப்புள்ளி. அறிக்கைகள் ஆங்கிலத்தில். ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமாகக் குறைப்பது வேறு, 20 மில்லிகிராம் குறைப்பது வேறு. ஆங்கிலத்தில் முன்னது ‘டு’, பின்னது ‘பை’. இந்த இரண்டு ஓரசைச் சொற்களுக்கு இடையில் ஒரு மலையின் மண்ணும் நீரும் இருக்கின்றன. அந்த அறிக்கையைப் படித்து, எழுந்து நின்று கேள்வி கேட்க வேண்டியவர்கள் இந்த மலைக்காரர்கள்தான். ‘கணக்குக்கு மொழி கிடையாது’ என்று சொல்லி நாம் வளர்த்துவிட்ட பிள்ளைகள்தான்.

தோட்டக் கூலிக்கும் இதே விதிதான். கூலி 50 ரூபாய் கூடியதா, 50 ரூபாய் ஆனதா என்பதில் எந்தத் தொழிலாளிக்கும் தமிழில் ஐயம் வராது. வங்கிக் கடன் ஒப்பந்தத்தில் அதே செய்தி ஆங்கிலத்தில் வரும்போது, வட்டி இரண்டு விழுக்காடு உயர்கிறதா, இரண்டு விழுக்காடாக ஆகிறதா என்பது பிடிபடாமல் கையெழுத்து விழுகிறது.

*

‘அப்படியானால் தமிழிலேயே நடத்து என்கிறீர்களா, ஆங்கிலம் தெரியாமல் பிள்ளை என்ன செய்யும்’ என்ற கேள்வி வரும். ஆங்கிலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒழுங்காகச் சொல்லித்தாருங்கள் என்கிறேன். இப்போது நடப்பது ஆங்கிலக் கல்வியும் இல்லை, கணக்குக் கல்வியும் இல்லை. ‘டோட்டல் என்று வந்தால் கூட்டு, லெஸ் என்று வந்தால் கழி, ஆஃப் என்று வந்தால் பெருக்கு’ என்று குறிச்சொல்லைப் பார்த்துக் குறியிடும் பழக்கம். ‘அவுட் ஆஃப்’ என்று வந்த மறுகணம் அந்தப் பழக்கம் கவிழ்ந்துவிடும். குறிச்சொல்லைப் பார்த்து விடையெழுதும் பிள்ளை வாக்கியத்தைப் படிப்பதை நிறுத்திவிடுகிறது. அது கணக்கு வகுப்போடு நிற்கிற நோய் அன்று.

நாம் முன்பு இதைவிட நன்றாகச் செய்திருக்கிறோம். கொடைக்கானலில் வீடு கட்டிய அந்த மதுரை மிஷன், யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனின் கிளையாக 1834இல் தொடங்கியது. தாய் மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் உயர்கல்வி ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் அங்கே படித்துத் தேறிய கரல் விசுவநாதபிள்ளை, இயற்கணிதத்தைத் தமிழில் ‘வீசகணிதம்’ என்ற நூலாக எழுதினார். அது 1855இல் வெளிவந்தது. ஆங்கிலத்தில் கற்றதைத் தமிழில் யோசிக்க முடியும், தமிழில் யோசித்ததை ஆங்கிலத்தில் எழுத முடியும் என்பதற்கு 170 ஆண்டுகளுக்கு முந்தைய சாட்சி இது. இரண்டு மொழிக்கும் இடையில் நடந்து பழகியவர்கள் அவர்கள். நாம் ஒரு மொழியிலிருந்து பிள்ளையைத் தூக்கி இன்னொன்றில் போட்டுவிட்டு, நீந்தக் கற்றுக்கொள் என்கிறோம்.

1916இல் சேலத்தில் ராஜாஜியும் நண்பர்களும் தமிழில் விஞ்ஞானப் பதங்களை உருவாக்கச் சங்கம் வைத்தது தொடங்கி, இந்த நூறாண்டுகளும் நாம் பெயர்ச்சொல்லுக்காகவே சண்டையிட்டிருக்கிறோம். ஆக்சிஜனா பிராணவாயுவா, கணினியா கம்ப்யூட்டரா என்று. பெயரை எந்த மொழியில் வைத்தாலும் ஒரு வாரத்தில் நாக்குக்குப் பழகிவிடும். பழகாதது இடைச்சொல். தனியே நின்று பொருள் தராது என்பதால் அதைச் சில்லறை என்று நினைத்துவிட்டோம். எல்லா மூட்டையையும் கட்டுகிற கயிறு அதுதான்.

நான் கேட்பது மிகக் கொஞ்சம். ஆங்கிலவழிக் கணக்கு நடக்கிற ஒவ்வொரு தொடக்க வகுப்பிலும் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பட்டியல் இருக்கட்டும்: ‘ஃப்ரம்’ எதிரே இலிருந்து, ‘டிவைடட் பை’ எதிரே ஆல் வகுக்க, ‘அவுட் ஆஃப்’ எதிரே இல், ‘டு’ எதிரே ஆக, ‘பெர்’ எதிரே கு. இன்டுவுக்கு மட்டும் எதிரே இரண்டு வரி. கணக்கைப் போடச் சொல்லும் முன் வாக்கியத்தைத் தமிழில் சொல்லச் சொல்லட்டும். எந்த எண் எந்த உருபை ஏற்கிறது என்று பிள்ளை சொல்லிவிட்டால் கணக்கு பாதி முடிந்தது. இதற்குப் புதுப் பாடத்திட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம், ஒரு சுண்ணக்கட்டி போதும்.

இலக்கியம் படிக்கிற நண்பர்களிடம் கேட்பது இன்னும் கொஞ்சம். மொழியைக் காப்பது என்றால் கவிதையைக் காப்பது என்று மட்டும் எண்ணாதீர்கள். மொழி கடைசிவரை உயிரோடு இருக்கிற இடம் கவிதை அன்று, கொடுக்கல் வாங்கல். மன்னவனூரில் ஒரு பிள்ளை 15இலிருந்து 7ஐக் கழிக்கும்போது அதன் வாயில் இருக்கிற அந்த ‘இலிருந்து’ போய்விட்டால், நாம் எழுதுகிற கவிதையை நாளை படிப்பதற்கு ஒரு வாசகர் குறைவார். கூட்டிக் கழித்துப் பார்த்தால் கணக்கு அப்படித்தான் வருகிறது.